அவரிடம் கேட்டீர்களா?

"பெற்ற பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். எங்கள் அம்மாவைப் பற்றி முடிவெடுக்க நீங்கள் யார்?"

சிட்னியில் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் அழுதுகொண்டே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் சட்டமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் எங்களிடம் கேட்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பப்ளிக் கார்டியன், அதாவது பொதுப் பாதுகாவலர் சார்பில் நான் வேலை செய்கிறேன். டிமென்ஷியா என்னும் மறதிநோய், அறிவுசார் குறைபாடு, மூளைக் காயம், தீவிர மனநோய் என்று ஏதோ ஒரு காரணத்தால் சில பெரிய முடிவுகளைத் தானே எடுக்க முடியாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அந்த முடிவுகளை அவருக்காக எடுப்பது என் வேலை. எங்கே குடியிருப்பது, எந்தச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது, யார் யார் வந்து பார்க்கலாம், என்னென்ன உதவிகள் வேண்டும் என்பதெல்லாம் இதில் வரும். எங்களை நியமிக்கும் தீர்ப்பாயத்தின் உத்தரவில் எது எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான். பணம் என் கையில் கிடையாது. வங்கிக் கணக்கு, வீடு, ஓய்வூதியம் இதற்கெல்லாம் தனி உத்தரவு, தனி நிர்வாகம். குளிர்காலத்துக்கு ஒருவருக்கு நல்ல கோட்டு வேண்டும் என்று எனக்குத் தோன்றினாலும், காசு கேட்டு நிதி நிர்வாகிக்கு எழுதத்தான் வேண்டும். இன்னொருவருக்காக ஓட்டுப் போடவோ, உயில் எழுதவோ, கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவோ எந்தப் பாதுகாவலராலும் முடியாது.

இந்த வழக்குகளில் சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் தெரியும்படி வெளியில் எழுதுவது இங்கே குற்றம். அப்படி இருப்பதுதான் சரி. அதனால் கீழே வரும் மனிதர்களின் வயது, ஊர், உறவு, நோய் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று பேரை ஒருவராக ஆக்கியிருக்கிறேன்.

இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏராளமானோர் பெரிய அரசு விடுதிகளில்தான் வாழ்ந்தார்கள். அங்கே நிர்வாகம் சொல்வதுதான் முடிவு. 1983இல் வந்த ரிச்மண்ட் அறிக்கை, இவர்களை ஊருக்குள், சாதாரண வீடுகளில் வாழவைக்க வேண்டும் என்று சொன்னது. விடுதியை விட்டு வெளியே வரும்போது இன்னொரு சிக்கலும் கூடவே வந்தது. முப்பது வயது மகனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்க வேண்டும். கையெழுத்து யார் போடுவது? மகன் மேஜர். அம்மாவுக்கு அந்த அதிகாரம் சட்டப்படி இருக்கிறதா என்று கேட்டால் ஒருவரிடமும் தெளிவான பதில் இல்லை. 1987இல் பாதுகாவலர் சட்டம் வந்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

அந்தச் சட்டத்தின் 4வது பிரிவை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்தேன். அவருடைய நலனே முதன்மை. அவருடைய சுதந்திரத்தில் எவ்வளவு குறைவாகக் கைவைக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கைவைக்க வேண்டும். அவருடைய கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். குடும்ப உறவையும், பண்பாட்டையும், மொழிச் சூழலையும் காப்பாற்றுவது முக்கியம் என்பதை உணர வேண்டும். புறக்கணிப்பிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் அவரைக் காக்க வேண்டும். படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே மனிதருக்கு ஒரே நாளில் இவை ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலுக்கு நடுவில் நின்று முடிவெடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"நீங்கள் யார்?" என்ற கேள்விக்கான பதிலும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பொருத்தமான வேறு ஒருவரை நியமிக்க முடியுமென்றால் பப்ளிக் கார்டியனை நியமிக்கக் கூடாது. நாங்கள் கடைசி வழி. தீர்ப்பாயத்தில் வழக்கமாக மூன்று பேர் உட்காருவார்கள். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் மருத்துவர், உளவியலாளர் போன்ற துறையைச் சேர்ந்தவர். மூன்றாமவர் இப்படிப்பட்ட மனிதர்களோடு வாழ்ந்தோ பழகியோ அனுபவம் உள்ளவர். குடும்பத்தில் யாராவது ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்று அவர்கள் துருவித் துருவிப் பார்ப்பார்கள். எங்களிடம் வருவது பெரும்பாலும் யாருமே இல்லாதவர்கள். அல்லது ஒருவரை ஒருவர் நம்பாத நிறையப் பேரைச் சொந்தமாகக் கொண்டவர்கள். தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் வருவது அநேகமாக இரண்டாவது வழியில்.

மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அப்படித்தான் வந்தார். மூத்த மகனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. அம்மாவைப் பார்க்க ஒருவர் வந்திருந்தால் மற்றவர் வாசலோடு திரும்பிவிடுவார், அல்லது உள்ளே போய்ச் சண்டை பிடிப்பார். இரண்டு முறை போலீஸ் வந்திருக்கிறது. ஒருவர் சொல்வதற்கு நேர்மாறாக மற்றவர் சொல்ல, மருத்துவமனையும் இல்லமும் திண்டாடிப்போய் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்தன. வசிப்பிடம், மருத்துவச் சம்மதம், யார் பார்க்கலாம், நடமாட்டத்தையும் நடத்தையையும் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் ஆகிய நான்கையும் ஒரு வருடத்துக்கு எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

கோப்பு கைக்கு வந்த வாரமே இல்லத்திலிருந்து ஒரு படிவமும் வந்தது. மாலையானால் அவர் கத்துகிறார், கதவுப் பக்கம் ஓடுகிறார், தடுக்கும் பணியாளர்களைத் தள்ளுகிறார், ரிஸ்பெரிடோன் கொடுக்கச் சம்மதம் வேண்டும். இந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மனநோய்க்கான மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுக்கும்போது விழுவதற்கும் பக்கவாதம் வருவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. வேறு எதுவும் பலிக்காதபோது, அதிகபட்சம் 12 வாரங்களுக்கு என்றுதான் ஆஸ்திரேலியாவில் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி. ஒருவருடைய நடத்தையை அடக்குவதற்காக மருந்து கொடுப்பதை மருந்துவழிக் கட்டுப்பாடு என்று சட்டம் வகைப்படுத்துகிறது. கட்டிலில் கட்டிப்போடுவதும், அறையில் பூட்டிவைப்பதும் இருக்கும் அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். நான் ஜூன் மாதத்தில் ஒரு மாலை நாலரை மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தேன். அந்த மாதத்தில் சிட்னியில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். அம்மா அமைதியாகத்தான் இருந்தார். "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "அது எங்க இருக்கு, சாவகச்சேரிக்கு அங்காலையோ?" என்றார். நானும் ஓம் என்றேன். ஆங்கிலத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அந்த ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டிருந்தது. டிமென்ஷியா வந்தவர்களில் பலருக்கு, பிற்காலத்தில் கற்ற மொழிதான் முதலில் போகும். அங்கே பகல் வேலையில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவருடைய அறையை ஒட்டித் தோட்டத்துக்குப் போகும் இரட்டைக் கதவு இருந்தது. காற்றோட்டத்துக்காக ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். வெளியே இருட்டத் தொடங்கியதும் அம்மாவின் கண் அந்தக் கதவிலேயே நின்றது. அப்புறம் எழுந்தார். "கதவைப் பூட்டுங்கோ. வரப்போறாங்கள். விளக்கை நூருங்கோ" என்று கத்தினார். நடக்கவே தடுமாறும் மனுஷி அந்தக் கதவை நோக்கி ஓடினார். ஒரு பணியாளர் பின்னால் இருந்து கையைப் பிடித்தார். அவருக்கு அவர் வேலை, கீழே விழுந்துவிடக்கூடாது. அம்மா திமிறினார், தள்ளினார். கோப்பில் எழுதியிருந்த எல்லாமே அப்படியே என் கண் முன்னால் நடந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் என்ன சொல்லிக் கத்துகிறார் என்பது மட்டும் அந்தக் கோப்பில் எங்குமே இல்லை.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த வருடங்களில் பொழுது பட்டால் முன்கதவையும் பின்கதவையும் பூட்டி, விளக்கைக் குறைத்து, பிள்ளைகளை உள்ளறையில் படுக்கவைத்து, அம்மா மட்டும் கதவோரம் உட்கார்ந்திருப்பாராம். மகனைக் கூப்பிட்டேன். அவரும் அதையே சொன்னார். வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாத இருவரும் ஒரே கதையைச் சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாத்திரைக்கு அப்போது சம்மதம் தரவில்லை. சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, மலச்சிக்கலா, எங்காவது வலியா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். கதவை நான்கு மணிக்கே பூட்டி, திரைச்சீலையையும் இழுத்துவிடக் கேட்டேன். அறையை நடைவழியின் நடுப்பகுதிக்கு மாற்றினார்கள். தமிழ்ப் பெண்ணின் வேலை நேரத்தை வாரத்தில் சில நாள் மாலைக்கு மாற்றித் தந்தார்கள். அதற்கு அந்த இல்லத்தின் மேலாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். எந்த நாள் மகன், எந்த நாள் மகள் என்று நான் ஓர் அட்டவணை போட்டேன். அந்த அட்டவணை மற்றவருக்குச் சாதகம் என்று இருவரும் தனித்தனியே புகார் எழுதினார்கள். ஆனால் இருவரும் அவரவர் நாளில் வந்தார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கூச்சல் பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்து, தூக்கமே இல்லாமல் பயத்திலேயே அவர் இரவைக் கழிக்க ஆரம்பித்தபோது, மிகக் குறைந்த அளவில் ஆறு வாரத்துக்கு அதே மருந்துக்குச் சம்மதித்தேன், முடிவுத் தேதியை எழுதிக் கொடுத்து. அந்தத் தேதியில் நிறுத்தவும் செய்தார்கள். முதல் வாரம் மறுத்ததும் பிறகு சம்மதித்ததும், இரண்டுமே அந்தந்த நேரத்தில் சரியான முடிவுகள்தான் என்று நினைக்கிறேன். இடையில் மாறியது என்னவென்றால், எங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

இந்த வேலையில் பாதி, தெரியாத ஒருவரைத் தெரிந்துகொள்ளும் வேலை. அதற்குக்கூட நேரம் கிடைக்காத முடிவுகளும் உண்டு. இரவு முறையில் இருக்கும்போது மருத்துவமனைகளிலிருந்து தொலைபேசி வரும். முதியவர் ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, காலையில் அறுவை சிகிச்சை, சம்மதம் வேண்டும். அவர் பெயரையே நான் அப்போதுதான் கேள்விப்படுவேன். என்ன சிகிச்சை, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, ஆபத்து எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பேன். இளம் டாக்டர்கள் இதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்வார்கள். கடைசியாக, "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்கும்போதுதான் தயங்குவார்கள். "அவருக்குப் புரியாதே." சரி, புரியாமல் இருக்கலாம். ஆனாலும் ஏதாவது சொல்வார் இல்லையா? கட்டிலருகே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்பேன்.

இதை நான் சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை. நோயாளி எதிர்ப்புத் தெரிவித்தால் என் சம்மதம் பெரும்பாலும் செல்லாது. எதிர்ப்பை மீறிச் சிகிச்சை செய்ய அனுமதிக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயம் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். ஒருமுறை ஒரு டாக்டர் போய்க் கேட்டுவிட்டு வந்து, "வலி தாங்க முடியவில்லை என்கிறார். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தங்கையிடம் மட்டும் சொல்லிவிடுங்கள் என்கிறார்" என்றார். அப்படி ஒரு தங்கை இருப்பதே மருத்துவமனைக்குத் தெரியாது. பழைய கோப்பைத் தேடி எண்ணைக் கண்டுபிடித்தோம். விடிவதற்குள் அந்தத் தங்கை வந்து சேர்ந்துவிட்டார்.

பாதுகாப்பு என்ற சொல்லை இந்த வேலையில் நான் கேட்காத நாள் இல்லை. "பாதுகாப்பாக இருக்குமா?" என்று டாக்டர் கேட்பார், சமூகப் பணியாளர் கேட்பார், உறவினர் கேட்பார், என் மேலதிகாரியும் கேட்பார். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாப் பாதையும் முதியோர் இல்லத்தில் போய்த்தான் முடியும்.

வயதான ஒருவர், வெள்ளைக்காரர். கப்பலில் வேலை பார்த்தவர். வருடக்கணக்கான குடியால் மூளை பாதிக்கப்பட்டு, புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்காது. அரசு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கீழே விழுந்து மருத்துவமனைக்கு வந்தவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அங்கே இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அறிக்கைகள் கனமாக இருந்தன. அவர் மட்டும் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார். நான் வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் போய் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். என்னை ஒருமுறைகூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதேதான். வீட்டுக்குப் போக வேண்டும். விழுந்தால்? விழுந்தால் விழுகிறேன். அங்கேயே செத்துப்போனால்? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேறு எங்கே சாக வேண்டும் என்கிறாய்?"

நேற்று நடந்தது ஞாபகம் இல்லாதவர்தான். ஆனால் ஒருவருக்கு என்ன வேண்டும் என்று தெரிவதற்கு நேற்று நடந்தது ஞாபகம் இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த வாரத்தில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். ராபர்ட் பெர்ஸ்கே என்ற அமெரிக்கர், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு மனித கண்ணியம் இருக்கிறது, அதைப் பறிக்கக் கூடாது என்று வாதிட்டார். எங்கள் துறையில் அந்தக் கருத்தைச் சொல்லாத பயிற்சி வகுப்பே கிடையாது. வகுப்பில் தலையாட்டுவது எளிது. மருத்துவமனைக் கூட்டத்தில் ஒன்பது பேருக்கு எதிரில் உட்கார்ந்து "வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று சொல்லும்போது கை நடுங்கும்.

அனுப்பினோம். காலையும் மாலையும் பராமரிப்பாளர், கழுத்தில் அவசரப் பொத்தான், குளியலறையில் கைப்பிடி, அடுப்புக்குத் தானாக அணையும் கருவி என்று முடிந்ததையெல்லாம் செய்துகொடுத்து அனுப்பினோம். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். மதியம் தெருமுனைக் கிளப் வரை நடப்பார். ஒரு சோடா குடிப்பார், திரும்பி வருவார். வழி தவறினால் அந்தத் தெருக்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு ஒரு குளிர்காலத்தில் விழுந்தார். பொத்தானை அழுத்தவில்லை. காலையில் வந்த பராமரிப்பாளர்தான் பார்த்தார். மருத்துவமனையில் சில நாளில் இறந்துபோனார்.

கூட்டத்தில் எதிர்த்தவர்களில் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் சொன்னதுபோல்தான் நடந்தது என்பது அதன் சாரம். அது உண்மைதான். நான் அந்தக் கோப்பை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இன்றைக்கு அதே தாள்களை என் முன்னால் வைத்தாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

இந்த வேலையை நேசிக்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பாதுகாவலர் உத்தரவுகள் இந்த மாநிலத்துக்குத் தேவையில்லை. ஒரு மனிதருக்கு உண்மையிலேயே ஆபத்து இருப்பதால் வரும் விண்ணப்பங்கள் உண்டு. ஏதோ ஒரு நிறுவனத்துக்கு ஒரு படிவத்தில் ஒரு கையெழுத்து தேவைப்படுவதால் வரும் விண்ணப்பங்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டமான என்டிஐஎஸ், 2013 சட்டத்தால் வந்த பெரிய வரம். பலருடைய வாழ்க்கையை அது மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் ஒப்பந்தம், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு கையெழுத்து என்றானதும், இதுவரை அக்காவோ அத்தையோ பேசி முடித்துவந்த விஷயங்களுக்கெல்லாம் சட்ட அதிகாரம் உள்ள ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். மருத்துவச் சம்மதத்துக்கு உத்தரவே தேவையில்லாத குடும்பங்கள்தான் அதிகம். பாதுகாவலர் இல்லாவிட்டால் கணவனோ மனைவியோ, அதற்கடுத்து சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவரோ, அதற்கடுத்து நெருங்கிய நண்பரோ உறவினரோ சம்மதிக்கலாம் என்று அதே 1987 சட்டம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. இது தெரியாமல் விண்ணப்பம் போடுபவர்களில் தொழில் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஆஸ்திரேலியா 2008இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12வது பிரிவு, முடிவெடுப்பதில் ஒருவருக்குத் துணை தேவையென்றால் அந்தத் துணையைக் கொடு என்கிறது. இந்த மாநிலத்தின் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2018இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக, துணையோடு முடிவெடுப்பதை மையமாகக் கொண்ட புதிய சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை, புறக்கணிப்பு, சுரண்டல் பற்றி விசாரிக்க 2019இல் தொடங்கிய ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம், 2023 செப்டம்பரில் கொடுத்த 222 பரிந்துரைகளிலும் இது அழுத்தமாக வருகிறது. சட்டம் இன்னும் பழையதுதான். சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள், பழைய சட்டத்துக்குள்ளேயே புதியதின் உணர்வை எவ்வளவு கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவருகிறோம்.

இங்கே வாழும் தமிழர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டுக்கும் காணிக்கும் உயில் எழுதிவைக்கிறீர்கள். உங்களுக்கு மறதி வந்தால் யார் உங்களுக்காகப் பேசுவது என்பதை எழுதிவைப்பதில்லை. திறன் இருக்கும்போதே நீங்கள் நம்பும் ஒருவரை அல்லது சிலரை நிரந்தரப் பாதுகாவலராக நியமித்துவைக்க இந்த மாநிலத்தில் வழி இருக்கிறது. வழக்கறிஞர் போன்ற தகுதியுள்ள சாட்சி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், நியமிக்கப்படுபவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பணத்துக்கு இதுபோல வேறொரு பத்திரம் உண்டு. பிள்ளைகளைச் சமமாக நடத்த வேண்டும் என்று மூன்று பேரையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அவர்கள் ஒத்துப்போகமாட்டார்கள் என்று தெரிந்தே அமைதியாக இருந்துவிடுகிறார்கள் நம் பெற்றோர். யார் நல்ல பிள்ளை என்ற தேர்வு இதில் இல்லை. டாக்டரிடம் தயங்காமல் பேசுகிறவர், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தவர், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் அதைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். அதோடு, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை அவரிடம் வாய் திறந்து சொல்லிவையுங்கள். யாரிடமும் சொல்லாத விருப்பத்தை எந்தக் கோப்பிலிருந்தும் என்னால் எடுக்க முடியாது.

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வருடம் இதே விஷயமாகப் பேசினான். அவன் அப்பாவுக்கு டிமென்ஷியா, வங்கி கையெழுத்தை ஏற்கவில்லை. இந்தியாவில் 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதிலே பாதுகாவலரும் அந்த நபரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பது எங்கள் சட்டத்தைவிட நல்ல வாசகம். நினைவிழந்து கிடப்பவருக்காகக் குடும்பங்கள் உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. அவனிடம் வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னேன். அப்பாவிடம் எதைப் பற்றியாவது கேட்டீர்களா என்றும் கேட்டேன். "அவர்கிட்ட என்னத்தக் கேக்க" என்றான். மறுவாரம் அவனே கூப்பிட்டான். அப்பாவுக்கு மாடி அறை பிடிக்கவில்லையாம், வாசல் திண்ணைப் பக்கம் கட்டிலைப் போடச் சொன்னாராம். போட்டுவிட்டார்கள்.

முடிந்துபோன ஓர் உத்தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள முப்பது வயதுக்காரர் ஒருவர், வேறு மூன்று பேரோடு ஒரு பராமரிப்பு வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் சமையலறைக்குப் பூட்டு. காரணம், நால்வரில் ஒருவர் பச்சை இறைச்சியை எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். அந்த ஒருவருக்காக மற்ற மூவருக்கும் தண்ணீர் குடிக்கக்கூட ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை. ஒருவரை அவருடைய பொருளிடமோ, அவருடைய வீட்டின் ஒரு பகுதிக்கோ போகவிடாமல் பூட்டுவதும் சட்டப்படி கட்டுப்பாடுதான். அதற்குத்தான் என்னிடம் சம்மதம் கேட்டு வந்தார்கள். இறைச்சிப் பெட்டிக்கு மட்டும் தனிப் பூட்டுப் போடலாமே என்றேன். போட்டார்கள். சமையலறை திறந்தது. இவர் டீ போடக் கற்றுக்கொண்டார், முதலில் நிறையச் சிந்தினார்.

அவருக்கு ஓர் அக்கா இருந்தார். தம்பிக்கு எதையும் படம் காட்டி, இரண்டு வழிகளை மட்டும் முன்னால் வைத்து, அவசரப்படுத்தாமல் கேட்பார். அந்த முறையை வீட்டுப் பணியாளர்களும் கற்றுக்கொண்டார்கள். வருட முடிவில் உத்தரவு மறுபரிசீலனைக்கு வந்தது. இனி உத்தரவு தேவையில்லை என்று நான் அறிக்கை எழுதினேன். வீட்டை நடத்துபவர்கள், யாராவது ஒருவர் பொறுப்பில் இருந்தால் தங்களுக்கு நிம்மதி என்றார்கள். தீர்ப்பாய உறுப்பினர் அவர்களை நிறுத்திவிட்டு அவரையே கேட்டார். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவர், "நானும் அக்காவும் பேசிக்குவோம்" என்றார்.

உத்தரவு அன்றோடு முடிந்தது. டாக்டருக்கும், பல் மருத்துவருக்கும், வீட்டை நடத்துபவர்களுக்கும் நான் கடிதம் அனுப்பினேன். இனி எங்களைக் கூப்பிட வேண்டாம், அவரிடமே கேளுங்கள், கேட்கும்போது அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும் என்று எழுதி, அக்காவின் எண்ணையும் சேர்த்துவிட்டு, கோப்பை மூடினேன்.